எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும்: கணக்கறிஞர் அல்-குவாரிஸ்மியின் வாழ்வு

சென்ற மாதம் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்த பிறகு, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் தன் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தப் பிள்ளை டி.என்.பி.எஸ்.சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறது. தமிழும் பொது அறிவும் நன்றாகவே வருகிறதாம். திறனறிவுப் பகுதியில் பின்னமும் சதவீதமும் வந்தால் மட்டும் கை நின்றுவிடுகிறதாம். நான் மத்ரஸாவில் ஓதி ஸனது வாங்கிய பிறகு கலைப்பிரிவில் பட்டம் படித்தவன். கணிதம் என் பாடமே இல்லை. ஆனாலும் பல வருடங்களாக ஃபராயிள், அதாவது பாகப்பிரிவினைச் சட்டம், நடத்தி வருவதால் பங்குக் கணக்கு கொஞ்சம் பழக்கம். அதை நம்பித்தான் வந்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளை காட்டிய கணக்கு இதுதான். ஒருவர் தன் கையிலிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வாடகைக்கும், மீதியில் நான்கில் ஒரு பங்கை மளிகைக்கும் செலவு செய்தார். கையில் 600 ரூபாய் மிஞ்சியது. முதலில் அவரிடம் எவ்வளவு இருந்தது? பிள்ளை மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி, பன்னிரண்டில் ஏழு என்று எழுதியிருந்தது. மிச்சம் பன்னிரண்டில் ஐந்து 600 ரூபாய் என்றால் மொத்தம் 1,440. கூட்டலிலும் வகுத்தலிலும் ஒரு தவறும் இல்லை. விடை மட்டும் தவறு. கேள்வி கேட்டவரும் அதை எதிர்பார்த்து 1,440-ஐ ஒரு விடையாகக் கீழே போட்டு வைத்திருந்தார்! நான்கில் ஒன்று என்று இரண்டாவதாகச் சொன்னது மொத்தத்தில் அல்ல, மீதியில். மூன்றில் இரண்டு மிஞ்சியது. அதில் நான்கில் ஒன்று போனால் நிற்பது அதன் முக்கால். மூன்றில் இரண்டின் முக்கால் என்பது மொத்தத்தில் பாதி. ஆகவே 1,200.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் பக்தாதில் இருந்த ஒரு மனிதரின் நினைவு வந்தது. இதே கணக்கைத் தம் புத்தகத்தின் பாதிக்குமேல் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியவர் அவர். அவரிடம் வாடகையும் மளிகையும் இல்லை. வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும் இருந்தன.

முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி ஏறத்தாழ கி.பி. 780-ல் பிறந்தவர். பெயரில் உள்ள குவாரிஸ்ம் என்பது ஆரல் கடலுக்குத் தெற்கே இருக்கும் நிலப்பகுதி. இன்று உஸ்பெகிஸ்தானின் கீவா நகரம் இருக்கும் பக்கம். அவரே அங்கு பிறந்தாரா, அவருடைய முன்னோர் அங்கிருந்து வந்தார்களா என்பதில் இரண்டு கருத்து உண்டு. வரலாற்றாசிரியர் இமாம் தபரீ (ரஹ்) ஓரிடத்தில் அவர் பெயரோடு குத்ருப்புல் என்ற ஊர்ப்பெயரையும் சேர்க்கிறார். அது பக்தாதை ஒட்டிய பகுதி. அதே இடத்தில் அல்-மஜூஸி என்ற சொல்லும் இருப்பதால், அவர் நெருப்பு வணங்கிகளின் மார்க்கத்தைச் சேர்ந்தவர் என்று சிலர் எழுதிவிட்டார்கள். அந்த இடத்தில் 'வாவ்' என்ற ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப்போய், இரண்டு ஆட்கள் ஒருவராகிவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அவருடைய அல்ஜப்ரு நூலின் முன்னுரை அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத் சொல்லித்தான் தொடங்குகிறது. அதைப் படித்தவருக்கு இந்தச் சந்தேகம் எழாது.

அவர் முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலைப்பாகையும் தாடியுமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் 1983-ல் சோவியத் ரஷ்யா வெளியிட்ட அஞ்சல் தலையில் ஓர் ஓவியர் கற்பனையாக வரைந்தது. அவர் எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது.

அவர் வளர்ந்த காலத்தில் பக்தாத் புது நகரம். கலீஃபா மன்ஸூர் அதை 762-ல்தான் கட்டத் தொடங்கினார். அவருடைய அவைக்கே இந்தியாவிலிருந்து வானியல் நூல் ஒன்று வந்து, அரபியில் பெயர்க்கப்பட்டு, ஸிந்த்ஹிந்த் என்று பெயர் பெற்றது. பிறகு ஹாரூன் ரஷீத், அவருக்குப் பின் அவருடைய மகன் மஃமூன். 813 முதல் 833 வரை ஆண்ட இந்த மஃமூனின் காலத்தில்தான் குவாரிஸ்மி தம் பெரிய நூல்களை எழுதினார். கிரேக்கம், பாரசீகம், சமஸ்கிருதம் என்று எந்த மொழியில் அறிவு இருந்தாலும் கொண்டுவாருங்கள் என்று ஆள் அனுப்பிய கலீஃபா அவர். அவருடைய ஹிக்மத் நூலகத்தில் குவாரிஸ்மி பணியாற்றினார் என்று, அடுத்த நூற்றாண்டில் பக்தாதில் நூற்பட்டியல் தொகுத்த இப்னு நதீம் எழுதுகிறார்.

மஃமூனைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆலிமால் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை உலமாக்கள் மீது திணித்து, விசாரணை என்ற பெயரில் சோதனையைத் தொடங்கியதும் இதே மஃமூன்தான். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் பட்ட துன்பமெல்லாம் அதன் தொடர்ச்சி. அறிவை நேசித்த ஒருவரே அறிஞர்களைச் சங்கிலியில் கட்டினார். நூலகத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போகிறவர்கள் பாதி வரலாற்றைத்தான் சொல்கிறார்கள். குவாரிஸ்மி இந்தக் குழப்பத்தில் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்குச் சான்று இல்லை. அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கணக்கு எதற்காக என்பதை முன்னுரையில் அவரே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். மஃமூன் ஊக்கம் கொடுத்ததால், மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் எளிய கணக்குகளைச் சுருக்கமாக எழுத முன்வந்ததாகக் கூறுகிறார். வாரிசுரிமை, வஸிய்யத், பங்கு பிரித்தல், வழக்கு, வியாபாரம், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் என்று தேவைகளை அடுக்குகிறார். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது சொத்துப் பங்கு.

ஏன் அதற்கு அவ்வளவு முக்கியம்? அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய வசனங்களில் அல்லாஹ் வாரிசுகளின் பங்குகளை ஆறு பின்னங்களாக நிர்ணயிக்கிறான். பாதி, கால், எட்டில் ஒன்று. மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. எட்டில் ஒன்றை நம் பாட்டிமார் அரைக்கால் என்று சொல்லியிருப்பார்கள். அரபியில் இரண்டில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரைதான் தனிப்பெயர்கள் உண்டு. அதற்கு மேல் போனால் இத்தனை பாகங்களில் இத்தனை பாகம் என்று நீட்டிச் சொல்ல வேண்டும். ஆனால் வாழ்க்கை இந்த ஆறோடு நிற்பதில்லை. கணவனும் உடன்பிறந்த இரண்டு சகோதரிகளும் வாரிசு என்றால் பாதியும் மூன்றில் இரண்டும் சேர்ந்து ஒன்றைத் தாண்டிவிடுகிறது. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் இதற்கு 'அவ்ல்' என்ற முறை ஏற்பட்டது. ஆறு பாகத்தை ஏழாக்கி, கணவனுக்கு மூன்று, சகோதரிகளுக்கு நான்கு. அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றுகொண்டிருந்தபோது, மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை உள்ள ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேட்கப்பட்டது. இருபத்து நான்கு பாகம் இருபத்தேழாக வேண்டும் என்பதை அங்கேயே கணித்து, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டதைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள் என்பது ஃபராயிள் மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆக, குவாரிஸ்மி எழுத உட்கார்ந்தபோது இந்தச் சமுதாயம் இருநூறு ஆண்டுகளாகப் பின்னத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தது. அவர் அதற்கு ஒரு பொது வழி கொடுத்தார்.

நூலின் பெயரிலேயே அந்த வழி இருக்கிறது. ஜப்ரு, முகாபலா. ஜப்ரு என்றால் முறிந்ததைச் சேர்த்துக் கட்டுவது. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிறவருக்கு அரபியில் முஜப்பிர் என்றே பெயர். ஸ்பெயின் மொழியில் நெடுங்காலம் அல்ஜெப்ரிஸ்டா என்றால் எலும்பு வைத்தியர்தான்! கணக்கில் ஒரு பக்கம் குறைந்து நிற்பதை இரண்டு பக்கமும் சேர்த்து நிறைவாக்குவது ஜப்ரு. இரண்டு பக்கமும் உள்ள ஒரே வகையை எதிரெதிரே வைத்துக் கழித்துக்கொள்வது முகாபலா. தெரியாத தொகைக்கு அவர் வைத்த பெயர் 'ஷய்உ', அதாவது ஒரு பொருள். எழுத்துக் குறியீடு எதுவும் இல்லை. எண்களைக்கூடச் சொற்களாகவே எழுதினார். அதனால் அந்த நூலில் எல்லாக் கணக்கும் சொற்கணக்குதான்.

அவர் தரும் ஒரு கணக்கை அப்படியே பார்ப்போம். ஒரு பெண் இறந்துவிடுகிறார். கணவன், ஒரு மகன், மூன்று மகள்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண் வாரிசு அல்லாத ஒருவருக்குத் தன் சொத்தில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் வஸிய்யத் செய்திருக்கிறார். யாருக்கு எவ்வளவு?

முதலில் வாரிசுகளை மட்டும் பார்க்கிறார். பிள்ளைகள் இருப்பதால் கணவனுக்குக் கால். மீதி முக்காலில் மகனுக்கு இரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று என ஐந்து கூறு. நான்கையும் ஐந்தையும் பெருக்கினால் இருபது. கணவனுக்கு 5, மகனுக்கு 6, ஒவ்வொரு மகளுக்கும் 3. ஃபராயிள் பாடத்தில் 'தஸ்ஹீஹ்' என்று நாங்கள் ஓதுவது இதைத்தான். அடுத்து வஸிய்யத். எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் ஐம்பத்தாறில் பதினைந்து. மூன்றில் ஒன்றைத் தாண்டாததால் செல்லும். வாரிசுகளுக்கு மிஞ்சுவது ஐம்பத்தாறில் 41.

இங்கேதான் அவருடைய கைவேலை. வாரிசுகளின் பகுதி 41 என்றால், வஸிய்யத் அதன் மேல் 15. எனவே வாரிசுகளின் பகுதியோடு அதனுடைய நாற்பத்தொன்றில் பதினைந்தைச் சேர்த்தால் முழுச் சொத்து திரும்ப வந்துவிடும். இருபதை 41-ஆல் பெருக்கினால் 820. அதன் நாற்பத்தொன்றில் பதினைந்து 300. மொத்தம் 1,120 பாகம். வஸிய்யத் பெறுபவருக்கு 300. ஏழில் ஒன்றாக 160-ம் எட்டில் ஒன்றாக 140-ம். மீதி 820-ல் கணவனுக்கு 205, மகனுக்கு 246, மகள்களுக்குத் தலா 123. கூட்டிப் பாருங்கள், ஒரு பாகமும் சிந்தாது.

அந்தப் பிள்ளைக்கு நான் இதை ரூபாயில் போட்டுக் காட்டினேன். சொத்து 11,20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணவனுக்கு 2,05,000. யாராவது அவசரப்பட்டு, கணவனுக்குக் கால் என்று மொத்தத்தில் கால் எடுத்துக் கொடுத்தால் 2,80,000 போய்விடும். வஸிய்யத்தும் அதுவும் போக மிஞ்சுவது 5,40,000. அதை ஐந்து கூறாக்கினால் ஒரு மகளுக்கு 1,08,000. அதாவது ஒவ்வொரு மகளிடமிருந்தும் 15,000 ரூபாய், மகனிடமிருந்து 30,000 ரூபாய், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே, எதில் கால் என்று ஒருவரும் கேட்காததால் பறிபோகிறது. தேர்வில் இந்தத் தவறுக்கு மதிப்பெண் போகும். இங்கே போவது ஹக்கு.

அவருடைய அந்தச் சேர்த்துக் கட்டும் முறை சதவீதக் கணக்கில் எவ்வளவு உதவும் என்பதையும் பிள்ளைகள் கவனிக்கலாம். சதவீதம் என்ற பெயர் அவர் நூலில் இல்லை. அவருக்கு எல்லாம் பின்னம்தான். ஒரு துணியின் விலையில் 20 சதவீதம் தள்ளுபடி போக 800 ரூபாய். பழைய விலை என்ன என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் 800-க்கு 20 சதவீதம் போட்டு 960 என்கிறார்கள். தள்ளுபடி பழைய விலையில் ஐந்தில் ஒன்று. நிற்பது ஐந்தில் நான்கு. போன ஒரு பங்கு, நிற்கும் நான்கு பங்கைப் பார்த்தால் கால். ஆகவே 800-ன் கால் 200-ஐச் சேர்க்க வேண்டும், 1,000. ஐந்தில் ஒன்று போனால் நிற்பதோடு நான்கில் ஒன்று, நான்கில் ஒன்று போனால் மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று போனால் பாதி. ஐம்பத்தாறில் பதினைந்து போனால் நாற்பத்தொன்றில் பதினைந்து. ஜகாத்தின் நாற்பதில் ஒன்றைக் கொடுத்த பிறகு கையில் 39,000 ரூபாய் இருந்தால், கொடுத்தது அதன் முப்பத்தொன்பதில் ஒன்று, 1,000 ரூபாய். சூத்திரம் எதுவும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

வியாபாரக் கணக்குக்கென்று சிறிய பாடம் ஒன்றும் வைத்திருக்கிறார். மக்களின் கொடுக்கல் வாங்கல் எல்லாமே நான்கு எண்களில் அடங்கும் என்பது அவர் விளக்கம். அளவு, அதன் விலை, வாங்கும் அளவு, கொடுக்கும் தொகை. மூன்று தெரியும், ஒன்று தெரியாது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டைப் பெருக்கி மூன்றாவதால் வகுத்துக்கொள். மாதம் பத்து திர்ஹம் கூலி வாங்கும் ஆளுக்கு ஆறு நாளுக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, ஆறு நாள் மாதத்தில் ஐந்தில் ஒன்று, ஆகவே இரண்டு திர்ஹம் என்கிறார். இன்றைய போட்டித் தேர்வுப் புத்தகத்தில் இந்தக் கணக்கு ரூபாயில் இருக்கும்.

இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மனிதர் இரண்டு மகன்களை விட்டு இறக்கிறார். கையில் பத்து திர்ஹம். ஒரு மகன் அவருக்குப் பத்து திர்ஹம் கடன்பட்டிருக்கிறான். வேறு ஒருவருக்கு மூன்றில் ஒன்று வஸிய்யத். கடன்பட்ட மகனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அவன் பங்கைக் கடனில்தான் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது? அது தெரிந்தால்தான் சொத்தின் மதிப்பு தெரியும், சொத்தின் மதிப்பு தெரிந்தால்தான் அது தெரியும். வட்டத்தில் மாட்டிக்கொண்டது போல் இருக்கிறது. குவாரிஸ்மி நிதானமாக, கழிக்க வேண்டியது ஒரு பொருள் என்று வைத்துக்கொள் என்கிறார். சொத்து பத்தும் ஒரு பொருளும். மூன்றில் ஒன்று வஸிய்யத்துக்குப் போக, மீதியை இரண்டு மகன்களும் பிரித்தால் ஒருவருக்கு மூன்றேகால் அல்ல, மூன்றும் மூன்றில் ஒன்றும் திர்ஹம், அதோடு பொருளில் மூன்றில் ஒன்று. அதுவேதான் அந்தப் பொருள். இரண்டு பக்கமும் பொருளின் மூன்றில் ஒன்றைக் கழித்தால், பொருளின் மூன்றில் இரண்டு பங்குக்கு மூன்றும் மூன்றில் ஒன்றும். பொருள் ஐந்து. கையிலுள்ள பத்தில் வஸிய்யத் பெறுபவருக்கு ஐந்து, கடன்படாத மகனுக்கு ஐந்து. கடன்பட்டவனுக்கு அவன் கடனில் ஐந்து கழிந்தது. மீதிக் கடன் ஐந்து என்னவாகும் என்பது தனி மஸ்அலா. அதை ஃபிக்ஹு பாடத்துக்கு விட்டுவிடுகிறேன்.

மரண நோயில் இருப்பவர் செய்யும் அன்பளிப்பு, மணமுடிப்பு, அடிமை விடுதலை ஆகியவற்றிலும் இப்படி வட்டமடிக்கும் கணக்குகளை அவர் நிறைய எழுதியிருக்கிறார். மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்ற ஷரீஅத் வரம்புதான் அத்தனைக்கும் அச்சு.

அவருடைய மற்ற நூல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸிந்த்ஹிந்தை அடிப்படையாகக் கொண்டு வானியல் அட்டவணைகள் செய்தார். இந்திய எண்கள் ஒன்பதையும் சுழியத்தையும் கொண்டு கணக்கிடும் முறையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் அரபி மூலம் கிடைக்கவில்லை. லத்தீன் வடிவம் மட்டும் இருக்கிறது. பூமியின் தோற்றம் பற்றிய நூலில் 2,402 இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் தந்து, மத்தியதரைக் கடலின் நீளத்தில் கிரேக்க அறிஞர் தாலமி செய்திருந்த பெரிய பிழையைக் குறைத்தார். யூதர்களின் நாள்காட்டியைக் கணக்கிடும் முறை பற்றியும் எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரின் பண்டிகை எந்த நாளில் வரும் என்பதைக்கூட ஒரு முஸ்லிம் அறிஞர் உட்கார்ந்து கணக்கிட்டிருக்கிறார்.

வரலாற்றில் அவரைக் கடைசியாக நாம் பார்க்கும் இடம் கொஞ்சம் சங்கடமானது. ஹிஜ்ரி 232, கி.பி. 847. கலீஃபா வாஸிக் நோயில் கிடக்கிறார். ஜோதிடக் கணிப்புக்காக அழைக்கப்பட்டவர்களில் குவாரிஸ்மியும் ஒருவர் என்று தபரீ எழுதுகிறார். கலீஃபா இன்னும் ஐம்பது வருடம் வாழ்வார் என்று அவர்கள் கணித்துச் சொன்னார்கள். பத்தே நாளில் வாஸிக் இறந்துபோனார். மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே இருக்கிறது என்பதை மறந்து அரண்மனைக்குப் பிடித்ததைச் சொன்ன குற்றம் அது. அவர் மேல் எனக்கிருக்கும் மரியாதைக்காக இதை மறைக்க விரும்பவில்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ 850-ல் அவரும் இறந்தார். அடக்கம் எங்கே என்று தெரியாது.

நூல்கள் பயணம் செய்தன. எகிப்தின் அபூகாமில் அவருடைய அல்ஜப்ரு நூலை மேலும் விரிவாக்கினார். இந்தத் துறையில் முதலில் எழுதியவர் வேறு ஒருவர் என்று சிலர் வாதிட்டபோது, அந்த முன்னுரிமை குவாரிஸ்மிக்கே உரியது என்று எழுதி வைத்தார். 1145-ல் ஸ்பெயினின் செகோவியா நகரில் செஸ்டர் ஊர் ராபர்ட் என்பவர் நூலை லத்தீனில் பெயர்த்தார். பிறகு கிரெமோனா ஊர் ஜெரார்டும் பெயர்த்தார். அல்ஜப்ரு அல்ஜீப்ரா ஆனது. ஆசிரியரின் பெயரே தேய்ந்து அல்காரிதம் ஆனது. ஆனால் இரண்டு பேருமே முதல் பகுதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நூலின் ஏறத்தாழ பாதியாக இருந்த வஸிய்யத் கணக்குகள் லத்தீனுக்குப் போகவே இல்லை. அவர்களுடைய சட்டத்தில் மகளுக்கும் தாய்க்கும் இப்படிப் பங்கு இல்லாதபோது அந்தக் கணக்கு எதற்கு? ஐரோப்பாவின் பள்ளிக்கூடங்கள் வழியாக நம்மிடம் திரும்பி வந்த அல்ஜீப்ராவிலும் அந்தப் பாதி இல்லை. அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு அது யாரோ ஒருவருடைய பாடமாகத் தெரிகிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் 1342-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டு 1831-ல் ஃபிரடெரிக் ரோசன் முழு நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வஸிய்யத் பகுதிக்கு வந்ததும் அவருக்குத் திகைப்பு. கணக்குப் போடும் முறை சரிதான், ஆனால் கேள்வியில் சொல்லாத நிபந்தனைகளைத் தன் விருப்பத்துக்கு நுழைத்துக்கொண்டு விடைகளைச் சட்டத்துக்குத் தோதாக வளைக்கிறார் என்று குறை எழுதினார். நூறு வருடத்துக்கு மேல் அந்தக் குறை அப்படியே நின்றது. 1938-ல் சாலமன் காண்ட்ஸ் என்ற யூத அறிஞர் இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தைப் படித்துவிட்டு வந்து, நுழைத்ததாகச் சொன்ன நிபந்தனைகள் எல்லாம் ஷரீஅத்தின் விதிகள்தான் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். பக்தாதின் வாசகருக்கு அவை சொல்லாமலே தெரிந்தவை. பிள்ளைக் கடனின் கதையும் அப்படித்தான்.

இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டது. அந்தப் பிள்ளை அதற்குள் மூன்று நான்கு கணக்குகளைத் தானே போட்டுவிட்டது. ஒவ்வொரு பின்னத்தின் பக்கத்திலும் எதில் என்று பென்சிலால் எழுதிக்கொண்டது. கிளம்பும்போது அதன் தகப்பனார் என் காகிதத்தைக் கையில் எடுத்து, இருபது பாகம் போட்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் வஃபாத்தாகி நாலு வருடமாகிறது. வீடும் ஒரு துண்டு நிலமும் அண்ணன் தம்பி பெயரிலேயே இருக்கிறது. கணக்கு சிக்கலாக இருக்கிறது என்று தங்கைகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்களாம். தாயார் இறந்தபோது தகப்பனார் உயிரோடு இருந்தாரா, எத்தனை ஆண் மக்கள், எத்தனை பெண் மக்கள், கடன் உண்டா, வஸிய்யத் உண்டா என்று நான் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, புதுக் காகிதத்தில் அந்தப் பிள்ளைதான் எழுதியது.